கட்டை விரல் அசைந்ததை நான் சொல்லவில்லை

கால் மரத்துப்போனால் யாரும் பயப்படுவதில்லை. உட்கார்ந்த வாகு சரியில்லை என்று உதறிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் உதறினேன். மறுநாள் கம்பெனி மாடிப்படியில் இரண்டு முழங்காலும் மடங்கி விழுந்தபோதுகூட, யாரோ படியில் எண்ணெய் சிந்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எழுந்ததும் முதல் வேலையாகப் படியைத் தடவிப் பார்த்தேன். படி சுத்தமாக இருந்தது.

என் பெயர் சாலமோன். அப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து வரும் உருப்படியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று எதுவும் பெட்டிக்குள் போய்விடாமல் பார்ப்பது வேலை. ஊர் தாராபுரம் பக்கம். பாட்டன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். ஆனால் கல்யாணம், சாவு தவிர நான் கோயில் வாசல்படி மிதித்து வருஷக்கணக்காகியிருந்தது. ஆண்டவர் உன்னை நேசிக்கிறார் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபோதே, எதற்காக என்று மனதுக்குள் கேட்டவன் நான். சும்மா வருகிற எதன்மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மனைவி மெர்சி சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவள். அதே கம்பெனியில் அவளைப் பார்த்து, நானே பெண் கேட்டுக் கட்டினேன். குழந்தை இல்லை. அவள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவாள். ஜெபத்துக்குத்தான் போகிறாளா என்று ஒரு தடவை பின்னாலேயே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவளை வேறு எங்காவது பார்த்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அங்கே யாரோடு சண்டை போடுவது? பேசாமல் திரும்பி வந்தேன்.

படியில் விழுந்த அன்று சாயங்காலம் சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் வரவில்லை. மெர்சி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சின்ன சுத்தியல் ஒன்றால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை.

"சமீபத்துல காய்ச்சல், வயித்துப்போக்கு ஏதாவது வந்துச்சுங்களா?"

பதினைந்து நாளுக்கு முன்னால் வயிற்றுப்போக்கு வந்து தானாகவே சரியாகியிருந்தது. அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். வெளிநாட்டுக்காரர் இருவருடைய பெயர் அது. வாயில் நுழையவில்லை. மெர்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கமாகச் சொன்னார்.

"நம்ம உடம்புல கிருமியோட சண்டை போடறதுக்குன்னு ஒரு சக்தி இருக்குது. கிருமி போன பொறகும் அது நிக்காம நம்ம நரம்பையே தாக்குது. கரன்ட் வயருக்கு மேல ஒரு உறை இருக்கற மாதிரி நரம்புக்கும் உறை இருக்குதுங்க. அது அரிச்சுப்போச்சுன்னா மூளை சொல்றது கை காலுக்குப் போய்ச் சேராது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். முக்காவாசிப் பேருக்குத் திரும்பச் சரியாயிடும். மூச்சு விடற தசைக்கு வந்துடாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்."

வயிற்றுப்போக்குக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? பெரிய பெயராகச் சொன்னால்தான் பெரிய பில் போட முடியும் என்று அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது. முதுகெலும்புக்கு நடுவில் ஊசி விட்டு நீர் எடுக்க வேண்டும் என்றபோது முடியாது என்றேன். முதுகில் ஊசி போட்டவன் எழுந்திருக்க மாட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஊசி போடாமயே இப்ப எந்திரிக்க முடியலயே உங்களால," என்றார் டாக்டர். மெர்சி கையெழுத்துப் போட்டாள்.

இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்லி, மரத்துப்போக மருந்து போட்டு நீரை எடுத்தார்கள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. அந்த நீரில் புரதம் கூடியிருந்ததாம், கிருமியோடு போராடுகிற அணுக்கள் கூடவில்லையாம். இந்த நோய்க்கு அதுதான் அடையாளம். பிறகு நரம்பில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்து, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். போகவேண்டிய வேகத்தில் போகவில்லை.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. பலபேர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சத்து, சின்னச் சின்னப் பாட்டிலில் வருகிறது. ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். விலை தலைசுற்றும். ஊரிலிருந்து என் அண்ணன் மஞ்சள் பையோடு வந்து பணம் கட்டினார். "ஒண்ணும் ஆகாது சாமி, தகிரியமா இரு" என்று நெற்றியைத் தடவினார். என் பங்கு நிலத்தின்மேல் கண் வைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கடிகாரமும் இல்லை, ஜன்னலும் இல்லை. நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வாள். மூச்சுத் தசை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிற எளிய சோதனை அது. ஒவ்வொரு தடவையும் முன்பு எண்ணியதைவிடக் குறைவாகவே எண்ண முடிந்தது. பக்கத்தில் மூச்சு விடவைக்கிற மிஷினைக் கொண்டுவந்து தயாராக நிறுத்தினார்கள். தொண்டைக்குள் குழாய் போட்டுவிட்டால் நான் பேச முடியாது. பேச முடியாதவனை இவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அந்தப் பயம் சாவைவிடப் பெரிதாக இருந்தது. எண்ணினேன். பல்லைக் கடிக்கக்கூடத் தெம்பில்லாமல் எண்ணினேன். இரண்டு நாள் எண்ணிக்கை அதே இடத்தில் நின்றது. மூன்றாம் நாள் ஒன்று கூடியது. மிஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்குள் முகமும் போயிருந்தது. உதடு குவியாது. கண்ணிமை முழுசாக மூடாது. கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்று மருந்து தடவி, இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். தூங்கும்போதும் அப்படித்தான், விழித்திருக்கும்போது பாதி நேரமும் அப்படித்தான். அதனால் நான் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இது எவ்வளவு வசதி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகுதான் தேவராஜ் வந்தான்.

தேவராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவனும் மெர்சி ஊர்ப்பக்கம்தான். சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட்டு. அவள் போகிற அதே சபை. நான் பெண் கேட்பதற்கு முன்னால் அவன் வீட்டில் அவளைக் கேட்டிருந்தார்கள். மெர்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் அதற்கப்புறம் யாரையும் கட்டவில்லை.

அவன் வந்த அன்று நான் படுக்கையிலேயே வெளிக்குப் போயிருந்தேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோயைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு அதை விட்டுவிட முடியாது. மூளை தெளிவாக இருக்கும். நாற்றம் தெரியும், ஈரம் தெரியும், யார் யார் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று தெரியும். ஒரு இஞ்ச் நகர முடியாது. மெர்சி ஒல்லி. என்னைத் தனியாகப் புரட்ட முடியாமல் வார்டு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்றவன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்தான். நகக்கண்ணெல்லாம் நீலச் சாயம்.

"அண்ணாச்சி, லேசாச் சாய்க்கேன். பயப்படாதிய."

தூக்கினான், கழுவினான், துடைத்தான், விரிப்பை மாற்றினான். மறுநாள் காலையும் ஷிப்ட்டு முடிந்து நேராக வந்தான். அதற்கு மறுநாளும். அசையாமல் கிடக்கிற உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். காலை நேரம் முழுவதும் அவன்தான் திருப்பினான்.

நான் படுத்துக்கொண்டே காரணம் தேடினேன். நான் செத்தால் மெர்சி தனி, அதற்குக் காத்திருக்கிறான். இல்லாவிட்டால் சபையில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கைகால் விழுந்தவனைப் பிடித்து மறுபடியும் கோயிலுக்கு இழுக்கிற வழி. இல்லாவிட்டால், என்னைக் கழுவிக் கழுவியே என்னைச் சின்னவனாக்கப் பார்க்கிறான். மூன்றுமே எனக்குப் பொருத்தமாகத்தான் தெரிந்தன. அவனும் மெர்சியும் மெல்லப் பேசிக்கொள்கிற சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வேன். எழுந்து பார்க்க முடியாது. தலையைத் திருப்பக்கூட முடியாது.

ஒரு மத்தியானம் போர்வைக்குள் என் வலது கைக் கட்டை விரல் அசைந்தது.

முதலில் நம்பவில்லை. மறுபடி அசைத்தேன். அசைந்தது. காலிலிருந்து ஏறி வந்த வியாதி இறங்கும்போது கையிலிருந்துதான் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்த வேண்டும் போல இருந்தது. மெர்சி பக்கத்தில் ஸ்டூலில்தான் இருந்தாள். வாயைத் திறக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். யாருக்கும் தெரியாது. நான் கட்டை என்றுதான் இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டைக்கு முன்னால் யாரும் நடிக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

சாயங்காலம் டாக்டர் வந்து, "எங்க, விரலை மடக்குங்க பாக்கலாம்" என்றார். நான் மடக்கவில்லை. மறுநாளும் மடக்கவில்லை. அவர் மெர்சியைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசியது என் காதில் விழுந்தது. முன்னேற்றம் தெரியவில்லை, மருந்தை இன்னொரு சுற்று ஏற்ற வேண்டி வரலாம் என்றார். மெர்சி அண்ணனுக்குப் போன் போட்டாள். ஆற்றோரத்து வயலை விற்க ஆள் பார்ப்பதாக அண்ணன் சொன்னாராம். அது அவருடைய வயல். என்னுடையது இல்லை.

அப்போதும் நான் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனால் அன்று, இவ்வளவு பொறுத்தவன் இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை கண்ணில் பஞ்சோடு கிடந்தபோது அவர்கள் பேச்சு கேட்டது.

"நீங்க இனிமே வராண்டாம்," என்றாள் மெர்சி. "அவங்களுக்குப் பிடிக்கல. எனக்குத் தெரியும்."

"பிடிக்கலன்னா போவுது. இடுப்புக்கிட்ட தோல் செவந்திருக்கு, பாத்தியா? இன்னைக்கு இடப்பக்கமாவே படுக்கட்டும். நீ போயி ஒரு வா காப்பி குடி."

அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் காது கொடுத்தேன் என்றிருந்தது. நான் விழித்திருப்பது தெரிந்து பேசுகிறார்களோ என்றும் ஒரு பக்கம் ஓடியது.

அன்று மத்தியானம் வார்டு அடங்கியிருந்தது. மெர்சி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்தாள். அவள் மூச்சுக் காற்று என் முழங்கையில் பட்டது. வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணினாள்.

"ஆண்டவரே, இவங்க என்னைய நம்பல. அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டின நாள்லருந்தே நம்பல. மொதல்ல அழுதேன். பெறவு உம்மகிட்ட வந்துட்டேன். நீர் போதும்னு இருந்துட்டேன். இப்ப பாத்தா அதுவும் தப்போன்னு தோணுது. எனக்கு நீர் இருக்கீரு. இவங்களுக்கு யாரு இருக்கா? யாரையும் நம்பாம இந்த மனுசன் எப்பிடிக் கெடக்காங்க, பாரும். கையைக் காலைக் குடும் ஆண்டவரே. எந்திரிச்சு மறுபடியும் என்னையச் சந்தேகப்பட்டாலும் சரிதான். எந்திரிச்சு நிக்கட்டும்."

நான் தேடியது கிடைத்துவிட்டது. அவளுக்கு வேறொருவர் இருந்தார். என்னிடம் கிடைக்காததை அவரிடம் போய் வாங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக நான் பார்த்த சிரிப்பு அவருக்கானது. முதலில் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் போய்விட்டது. இவள் போய் நின்ற இடத்தில், இவள் எனக்காகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பஞ்சுக்குள் கண்ணீர் ஊறியது. மருந்து கசிகிறது என்று நினைத்து அவள் துடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தேவராஜ் ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் இன்னொரு தடவை வந்தான். மெர்சி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். குழறிக் குழறித்தான் என்னால் பேச முடியும்.

"எதுக்குங்க வர்றீங்க நீங்க?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி கேட்டேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நெசத்தைச் சொல்லட்டா அண்ணாச்சி? கோவப்படப்பிடாது."

"சொல்லுங்க."

"மொத நாள் சந்தோசமாத்தான் வந்தேன். மெர்சி என்னைய வேண்டாம்னுட்டு உங்களக் கட்டினா. கம்பெனி வாசல்ல நீங்க ராசா மாதிரி போவிய, நான் பாத்திருக்கேன். விழுந்து கெடக்கியன்னு கேட்டதும் அதைக் கண்ணால பாக்கணும் போல இருந்திச்சு. வந்தேன். பாத்தேன். மெர்சி ஒத்தையா நிக்கா. சரின்னு தூக்கினேன். அன்னைக்கு வீட்ல போயி உக்காந்தா சோறு எறங்கல."

"அருவருப்பா?"

"இல்ல. வெக்கம். எதைப் பாக்க வந்தமோ அதைப் பாத்தாச்சு, ஆனா அதுல ஒரு சந்தோசமும் இல்ல. மறுநாள் வராம இருக்க முடியல."

"இப்ப என்னயப் புடிக்குதா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"இல்ல அண்ணாச்சி. இப்பவும் பிடிக்கல. கோயில்ல அன்பு அன்புன்னுதான் பாடுதோம். ஆனா பிடிக்குத வரைக்கும் காத்திருந்தா உங்க முதுகுல புண்ணு வந்திரும்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முகம் சிரிக்க மாட்டேன் என்றது. தொண்டையில் மட்டும் ஏதோ சத்தம். மூச்சடைக்கிறதோ என்று பதறி நர்ஸைக் கூப்பிட ஓடினான். அந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் என்னிடம் எவ்வளவோ நல்ல வார்த்தை சொல்லியிருந்தார்கள். நான் முழுசாக நம்பிய முதல் பேச்சு, உன்னைப் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னதுதான். அதை நம்பியதால், அவன் திருப்பிப் போட்டதையும் நம்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். ஏனோ விரலை மடக்கச் சொல்லவில்லை. நாடி பார்த்துவிட்டுப் போய்விட்டார். மெர்சி துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள," என்றேன். "கையக் குடு."

அவள் விரலை என் உள்ளங்கையில் வைத்தாள். கட்டை விரலை மடக்கி அழுத்தினேன். பாதி அழுத்தம்தான். அவள் திடுக்கிடவில்லை, சத்தம் போடவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"எப்ப?"

"நேத்து அந்தியில நகம் வெட்டும்போது விரலை இழுத்திய. டாக்டர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன், மருந்து வேண்டாம்னு. உங்க அண்ணனுக்கும் போன் போட்டாச்சு, வயலை விக்காண்டாம்னு. உங்ககிட்ட மட்டும்தான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவியளான்னு பாத்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"இன்னும் ரெண்டு நாள் பாத்திருப்பேன். பெறவு நல்லா நாலு சாத்து சாத்தியிருப்பேன்." சொல்லிவிட்டு ஈரத் துண்டால் தன் முகத்தைத்தான் முதலில் துடைத்துக்கொண்டாள்.

எதற்காக மறைத்தேன் என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். தேவராஜைப் பற்றி நினைத்ததையும், வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்ததையும், அவள் ஜெபத்தைக் கேட்டதையும் குழறலோடு சொல்லி முடிக்க வெகுநேரமானது. கடைசியில், "வாயைத் தொறங்க, கஞ்சி ஆறிட்டு" என்றாள். அன்று முழுக்க அதற்கு மேல் என்னோடு பேசவும் இல்லை. கோபம் இருந்திருக்கும். இருக்க வேண்டியதுதானே.

இந்த நோய் வந்த வீட்டார் என்னிடம் கேட்பது, எப்போது நடப்பார் என்பதுதான். அவசரப்படாதீர்கள். நரம்பின் உறை மெதுவாகத்தான் வளரும். விரல், மணிக்கட்டு, தோள் என்று வந்து, இடுப்பு நிற்க வெகுநாள் ஆனது. பயிற்சி கொடுக்கிற பெண் இரண்டு கம்பிக்கு நடுவில் நிறுத்தியபோது, தரை எங்கோ கிணற்றுக்கு அடியில் இருப்பது போலிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரியில் காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்; மெர்சி தூக்கத்திலேயே எழுந்து பிடித்துவிடுவாள். அண்ணன் பல்லடம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்து கறிவேப்பிலையும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்துவிட்டுப் போவார். இது எதற்கு என்று மனசு கேட்கத்தான் செய்யும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டு முட்டையைத் தின்பேன்.

பரிசுத்தவான் ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். போதகர் வந்து நீளமாக ஜெபம் பண்ணினால் இப்போதும் பாதிக் கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பேன். ஆனால் சாயங்காலங்களில் மெர்சியிடம் கேட்க ஆரம்பித்தேன். அவரிடம் என்னதான் பேசுவாய்? அவர் பதில் சொல்வாரா? சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்? சிலதுக்குப் பதில் சொல்வாள். சிலதுக்கு, "எனக்கும் தெரியல, ஆனா இருக்காரு" என்பாள். நான் விட்டுவிட்ட இடத்தில் இவ்வளவு நாளாக ஒரு பெரிய வீடே இருந்திருக்கிறது. அதில் இவள் தனியாகக் குடியிருந்திருக்கிறாள் என்று பட்டது. வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவன் மாதிரி நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கைத்தடியோடு தெரு முனை வரை நடக்க முடிந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை மெர்சி தலை பின்னிக்கொண்டிருந்தாள். வேதப் புத்தகத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் பையில் வைத்தாள்.

"நானும் வரட்டா?" என்றேன்.

பின்னலை விட்டுவிட்டுத் திரும்பினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கட்டிய நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"எதுக்கு வாறிய? என்னையப் பாக்கவா, ஆண்டவரைப் பாக்கவா?"

ஆண்டவரை என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். உன்னை என்று சொல்லியிருந்தாலும் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பாள். இரண்டும் வாய் வரைக்கும் வந்தன.

"தெரில புள்ள," என்றேன்.

அவள் குனிந்து என் செருப்பைக் கால் பக்கத்தில் எடுத்துப் போட்டாள்.

"சரி, வாங்க. மொத பாட்டு ஆரம்பிச்சிருவாங்க."